தாடி மெக்கானிக் எழுதிக் கொடுத்த அறிக்கை

தாடியை எடுப்பதில்லை. உயிரே போனாலும் எடுப்பதில்லை.

தாடி மெக்கானிக் இந்த முடிவைத் தன் ஏசி ரிப்பேர் கடைக்கு நடுவே, கையில் ஸ்பேனரோடு நின்று அறிவித்தார். கேட்டுக்கொண்டிருந்தது ஒரு பழைய ஏசியும் அவர் மனைவியும்தான். ஏசி மறுப்புச் சொல்லவில்லை.

"உயிர் போயிட்டா தாடி மட்டும் தனியா வெளிநாடு போகுமா?" என்றாள் மனைவி.

விஷயம் இதுதான். வெளிநாட்டில் ஏசி மெக்கானிக்குகளுக்கு ஒரு போட்டி. அஞ்சு மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஏசியின் வெளிப்பெட்டிகளை வரிசையாக வைத்திருப்பார்கள். ஏதோ ஒரு குழாயில் ஊசிமுனை அளவு கேஸ் கசியும். மீட்டர், மெஷின் எதுவும் கூடாது. கண், காது, சோப்பு நுரை, அவ்வளவுதான். முதலில் லீக்கைப் பிடிக்கிறவருக்குக் கோப்பை.

ஊர் ஏசி மெக்கானிக் சங்கத்தில் நாற்பது பேர். எதிலும் ஒத்துப்போகாத நாற்பது பேர். ஆனாலும் தாடி மெக்கானிக்கை அனுப்பலாம் என்றதும் நாற்பது கையும் உயர்ந்தன. அவர் கையும் சேர்த்துத்தான். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் 'இங்கேதான் லீக்' என்று விரல் வைத்த இடம் ஒருமுறைகூடத் தப்பியதில்லை. சொன்ன சொல்லை மாற்றியதும் இல்லை. இதை அவரே தினம் இரண்டு வேளை சொல்லுவார், சாப்பாட்டுக்கு முன் ஒன்று, பின் ஒன்று.

சிக்கல் அவர் நெஞ்சுக்குள் இருந்தது. அவருக்கு இளைப்பு உண்டு. கொஞ்சம் புகை பட்டால் போதும், உள்ளே யாரோ விசில் ஊத ஆரம்பித்துவிடுவார்கள். போட்டி நடக்கிற ஊரோ புகைக்கே பேர்போனது.

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. பத்து வருஷமாக ஊரார் இருமலை எல்லாம் கேட்டுக் கேட்டு, கதவுக்கு வெளியே இருமினாலே என்ன மருந்து என்று எடுத்து வைத்துவிடுவாள். போட்டி என்று தெரிந்த நாளிலிருந்து காலையில் எழுந்ததும் போனைத்தான் பார்த்தாள்.

"இன்னிக்கு முந்நூத்திப் பத்து."

"என்ன முந்நூத்திப் பத்து?"

"அந்த ஊர்க் காத்துல அழுக்கு எவ்வளவுன்னு கணக்கு. நூறைத் தாண்டினாலே உங்களுக்கு ஆகாது."

"யாரு எண்ணிப் பாத்தாங்களாம்?"

"எண்ண வேண்டாம். உங்க நெஞ்சு தானா சொல்லும்."

டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் சொன்னதை வரிசையாக விரல் மடக்கி ஒப்பித்தாள். இளைப்பு வராமல் தடுக்க, வாயில் வைத்து இழுக்கிற பம்ப் ஒன்று, காலையும் சாயங்காலமும், இப்போதிருந்தே. அவசரத்துக்கு நீலப் பம்ப், பெட்டியில் இல்லை, சட்டைப் பையில். டாக்டர் சீட்டு ஒன்று கையோடு. வெளியே காலெடுத்து வைத்தால் முகத்தோடு ஒட்டுகிற கெட்டி மாஸ்க்.

"தாடி இருந்தா மாஸ்க் ஒட்டாது. ஓரத்துல புகை பூந்துடும்."

"டாக்டருக்கு ஏசியைப் பத்தி என்ன தெரியும்?"

"தாடிக்கு நுரையீரலைப் பத்தி என்ன தெரியும்?"

மெக்கானிக் தாடியைத் தடவினார். பதினொரு வருஷத் தாடி. சட்டையின் இரண்டாவது பட்டன் வரைக்கும் வரும். கடைப் பலகையில் பேருக்குப் பதில் தாடிதான் வரைந்திருந்தது. தாடி இல்லாமல் போட்டோ பிடித்தால் அந்தக் கோப்பை யார் வாங்கியதாகக் கணக்கு?

பம்ப் சரி, சீட்டு சரி, மாஸ்க் சரி, தாடியில் மட்டும் கை வைக்கக் கூடாது என்று ஒப்பந்தம் பேசினார். மனைவியும் சரி என்றாள். கூட ஒருவருக்கு டிக்கெட் உண்டு என்று போட்டிக்காரர்கள் எழுதியிருந்தார்கள். அவளே வருவதாகச் சொன்னாள்.

"நீயும் வந்துட்டா வீட்டை யாரு பாப்பா?"

"பூட்டு பாக்கும்."

மெக்கானிக்கிடம் ரகசியமாக ஒரு திட்டம் இருந்தது. தாடியைக் குடை மாதிரி மடக்கிச் சுருட்டி, மனைவியின் ஹேர்பின் நாலைத் திருடிக் குத்தி, மொத்தத்தையும் மாஸ்க்குக்குள் திணித்துவிடுவது. கண்ணாடி முன் ஒத்திகை பார்த்தார். முகத்தில் ஒரு பன் ரொட்டி முளைத்த மாதிரி இருந்தது. ஆனாலும் அவருக்குப் பெருமை. இப்படி ஒரு யோசனை உலகத்தில் வேறு யாருக்கு வரும்?

யாருக்கும் வராது.

போய் இறங்கினார்கள். அந்த ஊரில் கட்டடங்கள் எல்லாம் ரப்பரால் பாதி அழித்த மாதிரி நின்றன. சூரியன் பத்து வாட் பல்ப் மாதிரி தொங்கியது. போட்டிக்கு முதல் நாள் ஒத்திகை. லிப்ட் சாமான் ஏற்ற மட்டும்தான். ஆட்கள் படியேற வேண்டும். சங்கக் காசில் கூடவே வந்திருந்த சங்கச் செயலாளர் துணைக்கு ஏறினார். ஒல்லி ஆள், படிகளை இரண்டிரண்டாகத் தாண்டுவார்.

"அண்ணே, கன்னம் வீங்கியிருக்கே, பல்வலியா?"

"மாஸ்க் அப்படித்தான்யா. புது மாடல்."

முதல் மாடியிலேயே மாஸ்க்கின் கீழ் ஓரம் தாடியின் மேல் ஆடியது. இழுக்கிற ஒவ்வொரு மூச்சும் குறுக்கு வழியாகத்தான் உள்ளே வந்தது. மெக்கானிக் நின்றார். மூச்சு வாங்குகிறது என்று சொல்ல மானம் விடவில்லை. ஜன்னல் வழியாகக் காட்சி பார்த்தார். இரண்டாவது மாடியிலும் காட்சி பார்த்தார். மூன்றாவது மாடியில் ஜன்னலே இல்லை. அங்கேயும் நின்று பார்த்தார்.

"அண்ணே, இங்க சுவருதானே இருக்கு?"

"பெயிண்ட்... அடிச்ச... விதத்தைப் பாருய்யா."

மொட்டைமாடிக்குப் போய்ச் சேர்ந்தார். மாதிரிக்கு வைத்திருந்த ஒரு பெட்டியின் அருகே குனிந்து காது கொடுத்தார். உஸ்ஸ்ஸ் என்றது. முகம் மலர்ந்தது. விரலை நீட்டினார். 'இங்கேதான்' என்று வாயைத் திறக்கப் போனவர் என்ன தோன்றியதோ, மூச்சை ஒரு நொடி பிடித்துப் பார்த்தார்.

சத்தம் நின்றுவிட்டது.

மூச்சை விட்டார். உஸ்ஸ்ஸ்.

லீக் பெட்டியில் இல்லை. அவருக்குள்ளே.

நீட்டிய விரலால் காதைச் சொறிந்துகொண்டார். யாரும் பார்க்கவில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்துவிட்டது. நாளைக்கு நாலு தேசத்து ஆட்கள் சுற்றி நிற்க, இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாக அவர் விரல் தப்பான இடத்தில் உட்காரப் போகிறது.

ஓட்டல் அறைக்கு வந்து நீலப் பம்பை இழுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் விசில் அடங்கியது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு சீராகிற வரைக்கும் அவர் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாடியிலிருந்து தன் ஹேர்பின்களை ஒவ்வொன்றாக உருவி எடுத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அவருக்கு உதறலாக இருந்தது.

சாயங்காலம் அவர் ஒரு குட்டித்தூக்கம் போட்டு எழுந்ததும், வெந்நீர் வாங்கக் கீழே போயிருந்தவள் போனை நீட்டிக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, ஓட்டல் மேனேஜர் ஒரு படம் குடுத்தாரு. ஏதோ ஃபில்டராம். என்ன கோளாறுன்னு யாருக்கும் புரியலையாம். மேல் அறையில ஒரு பெரிய நிபுணர் தங்கியிருக்காரே, அவரைக் கேட்டுச் சொல்லுங்கன்னாரு."

மெக்கானிக் நிமிர்ந்தார். மூச்சு வாங்கியதெல்லாம் மறந்துபோனது.

"பெரிய நிபுணர்னா சொன்னாரு?"

"ரொம்பப் பெரியன்னாரு."

படத்தைப் பார்த்தார். மிக நெருக்கத்தில் எடுத்த படம். வெள்ளைப் பஞ்சு. கீழ் ஓரத்தில் கறுப்புக் கறுப்பாகக் கோடுகள்.

"இதுக்கா இவ்வளவு யோசனை? காத்து ஃபில்டர் நடுவுல பூந்து வரணும். இது ஓரமா ஓட்டை பாத்து வருது. அதான் ஓரத்துல கரி."

"ஏன் ஓரமா வருது?"

"விளிம்புல நாரு, தும்பு ஏதாவது ஒட்டிக்கிட்டு இருக்கும். சரியா உக்கார விடாது."

"நாரை மடிச்சு உள்ள செருகிட்டா?"

"எந்த முட்டாளாவது அப்படிச் செய்வானா?"

"தெரியலைங்க. அதான் கேட்டேன். எதுக்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. வாய்ப்பேச்சு நிக்காதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க."

மெக்கானிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். நல்ல பேனாவாகத் தேடினார். எழுதினார்:

'வடிகட்டியின் கீழ் ஓரத்தில் கரிக் கோடுகள் காணப்படுகின்றன. காரணம், விளிம்பில் உள்ள நார் மற்றும் தும்பு. ஒட்டுவேலை உதவாது. மடித்துச் செருகுவது முட்டாள்தனம். முழுவதும் நீக்கி, மழமழவென்று ஆக்கிய பிறகே பொருத்த வேண்டும். தாமதித்தால் இயந்திரத்துக்கே ஆபத்து.'

கீழே கையெழுத்து. அதன் கீழே இரண்டு கோடு.

மனைவி அதை நிறுத்தி நிதானமாக வாய்விட்டுப் படித்தாள். 'முட்டாள்தனம்' வந்த இடத்தை இரண்டு தடவை படித்தாள். பிறகு போனை மறுபடி அவர் முன் வைத்தாள்.

"இது உங்க மாஸ்க். இன்னிக்கு நீங்க போட்டுட்டு வந்தது."

மெக்கானிக் போனையும் தன் கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மெக்கானிக்கின் நெஞ்சுகூட மரியாதைக்கு விசில் அடிக்கவில்லை.

"மேனேஜர்...?"

"கட்டாயம் ஒண்ணும் இல்லைங்க. 'என் அறிக்கை தப்பு'ன்னு அடியில ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க. தாடி அப்படியே இருக்கட்டும்."

மெக்கானிக் எழுந்து நடந்தார். கதவு வரைக்கும் போனார், ஜன்னல் வரைக்கும் வந்தார். அறை சின்னது. ஆறே தப்படிதான். பேனாவைப் பார்த்தார். சுவர்க் கண்ணாடியில் தாடியைப் பார்த்தார். தாடிக்கு வயசு பதினொன்று. சொல்லுக்கு வயசு இருபத்திரண்டு. சீனியாரிட்டி ஜெயித்தது.

"ரேசர் எங்க?"

"குளியலறையில தயாரா வச்சிருக்கேன். நுரையும் இருக்கு."

அரை மணி நேரத்தில் ஒரு புது ஆள் வெளியே வந்தார். தாடை சின்னதாக, வெளுத்து, இத்தனை காலம் வீட்டை விட்டு வெளியே வராத பிள்ளை மாதிரி கூச்சத்தோடு இருந்தது. மனைவி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். தோள் குலுங்கியது. இருமல் இல்லை. பிறகு புது மாஸ்க் ஒன்றை மாட்டி, மூக்குக் கம்பியை அழுத்தி, ஊதச் சொன்னாள். ஓரத்தில் எங்கேயும் காற்று வரவில்லை.

காலையில் தடுப்புப் பம்ப். வாய் கொப்பளிப்பு. சட்டைப் பையில் நீலப் பம்ப். படிகளை நிதானமாக ஏறினார். காட்சி பார்க்க எங்கேயும் நிற்கவில்லை.

"அண்ணே! தாடி எங்கண்ணே?" செயலாளர் அலறினார்.

"தொழில் முடிவு" என்றார் மெக்கானிக்.

மணி அடித்தது. எல்லோரும் நுரையை அள்ளித் தெளித்துக்கொண்டு ஓடினார்கள். மெக்கானிக் ஓடவில்லை. ஒவ்வொரு பெட்டியாகப் போய்க் குனிந்து காது கொடுத்தார். முதல் பெட்டியில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒன்றுமில்லை. மூன்றாவதில், நாலாவதில் ஒன்றுமில்லை. அவருக்குள்ளும் ஒன்றுமில்லை, அமைதி. அஞ்சாவதில் நூல் மாதிரி ஒரு உஸ். மூச்சைப் பிடித்துப் பார்த்தார். சத்தம் நிற்கவில்லை.

"இங்கேதான்" என்று விரல் வைத்தார். விரலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நுரையைத் தடவினார். நுரை மெல்ல உப்பி ஒரு குமிழ் விட்டது. நாலு நிமிஷம் பத்து விநாடி. போன வருஷம் கோப்பை வாங்கியவருக்கு ஒன்பது நிமிஷம் ஆனதாம்.

மொட்டைமாடியே கை தட்டியது. மனைவி படிவாசலில் நின்றிருந்தாள். அவசரத்துக்கு என்று இன்னொரு நீலப் பம்பைக் கைக்குள் இறுக்கிப் பிடித்தபடியே நின்றவள், இப்போதுதான் விரலைத் தளர்த்தினாள். பக்கத்தில் நின்ற யாரோ ஒரு வெளிநாட்டுக்காரரிடம், "எங்க வீட்டுக்காரர்" என்று தமிழிலேயே சொன்னாள். அவருக்கும் புரிந்த மாதிரிதான் தலையாட்டினார்.

ஓட்டலுக்குத் திரும்பி வரவேற்பறையில் உட்கார்ந்தார்கள். மடியில் கோப்பை. மெக்கானிக்குக்குப் பேச்சு பெருக்கெடுத்தது.

"தன் மாஸ்க்கையே பாத்து, தன் கோளாறைத் தானே கண்டுபிடிச்சு, தானே எழுதிக் கையெழுத்துப் போட்டவன் எவனாவது இருக்கானா? நீ படம்தான் எடுத்தே. லீக்கைக் கண்டுபிடிச்சது யாரு?"

"நீங்கதாங்க."

"படத்தைப் பாத்ததுமே சொன்னேனா இல்லையா?"

"பாத்ததுமே சொன்னீங்க."

அப்போது ஓட்டல் மேனேஜர் ஓடிவந்தார். மெக்கானிக்கின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். தன் போனில் அவர் பாஷையில் ஏதோ பேசினார். போன் அதைத் தமிழாக்கி, மேடைப் பேச்சாளர் குரலில் முழங்கியது:

"பெருமதிப்பிற்குரிய வல்லுநர் அவர்களே! தாங்கள் எழுதி அருளியவாறே தங்கள் அறையின் குளிர்சாதன வடிகட்டியை இன்று காலை தூய்மை செய்துவிட்டோம். நேற்று நாற்காலி மீது ஏறி அதைப் படம் எடுத்துத் தந்த தங்கள் துணைவியாருக்கும் எங்கள் நன்றி!"

மெக்கானிக்கின் மடியிலிருந்து கோப்பை நழுவியது. மனைவி பிடித்துக்கொண்டாள்.

"அப்போ... என் மாஸ்க்?"

"ஒரே ஒரு நாள் போட்ட மாஸ்க்ல அவ்வளவு கரி பிடிக்குமாங்க? நீங்கதானே மெக்கானிக்?"