காது மிஷினுக்கு வைத்த பொட்டு

கீ என்று ஒரு விசில். குக்கர் என்று நினைத்து என் மனைவி ஓடினாள். குக்கர் அடுப்பிலேயே இல்லை.

விசிலடித்தது எங்கள் மகள் ஜெயாவின் காது மிஷின். காதில் சரியாக உட்காராவிட்டால் அப்படித்தான் கத்தும். நெஞ்சில் தொங்கும் சின்னப் பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர். கடைக்காரர் நம்பிக் கடனாகக் கொடுத்தது. என் கம்பெனி இன்ஷூரன்ஸ் பணம் கொடுத்தால் எங்களுக்கு, இல்லாவிட்டால் அவருக்கே திருப்பிவிட வேண்டும்.

இன்ஷூரன்சில் 'இது வசதிப் பொருள், தர முடியாது' என்று தள்ளிவிட்டார்கள். மறுநாள் ஜெயாவோடு, விஜயதசமிக்கும் திறந்திருக்கும் அவர்களுடைய பல்லாவரம் ஆபீசுக்குப் போய் அப்பீல் செய்ய வேண்டும்.

அன்று ஆயுத பூஜை. சைக்கிள், ஸ்பேனர், அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். இதுவும் ஆயுதம்தானே என்று மிஷினையும் வரிசையில் வைத்தேன். பெட்டியின் நட்டநடுவில் சல்லடை மாதிரி ஓட்டைகள். சந்தனம் பூச இதைவிட லட்சணமான இடம் ஏது?

மறுநாள் காலை, நைட் ஷிப்ட் முடிந்த கண்ணோடு தாம்பரத்தில் ரயில் ஏறினோம். "அப்பா, கேக்கல" என்றாள் ஜெயா. ரயில் சத்தம் என்று நினைத்துக்கொண்டேன். படித்த மேதை!

ஆபீசர் அவளிடம் பெயர், வகுப்பு, டீச்சர் பெயர் எல்லாம் கேட்டார். பட்பட்டென்று பதில். நான் பூரித்துப் போனேன்.

"நல்லாத்தானே சார் கேக்குது?"

அது மிஷினின் மகிமை என்றேன். கழற்றச் சொல்லிவிட்டு மறுபடி கேட்டார். அதே பட்பட். பாவி மகள் உதட்டைப் பார்த்தே படித்துவிடுவாள்!

பதறிப்போய், மிஷினை மாட்டி அவளைச் சுவர்ப்பக்கம் திருப்பி நிறுத்தினேன். இப்போது கூப்பிடுங்கள் என்றேன். கூப்பிட்டார். நானும் கூப்பிட்டேன். பியூனும் கூப்பிட்டார். ஜெயா சுவரில் பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஷின் இல்லாம கேக்குது, மாட்டினா கேக்கல. இதுக்கு நாங்க பணம் தரணுமா சார்?"

 பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஓட்டைகள் எல்லாம் சந்தனத்தால் சிமெண்ட் பூசியது போல அடைந்து கிடந்தன.

ஆபீசரும் எட்டிப் பார்த்தார். அவர் மேஜையில் ஸ்டேப்ளர், போன், காலிங் பெல் எல்லாமே குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தன. "எங்க காலிங் பெல்லும் காலையிலேர்ந்து அடிக்கல சார்" என்று மெல்லச் சொல்லி, ஒரு குண்டூசியை நீட்டினார்.

குத்திக் குத்திச் சுத்தம் செய்து மாட்டினேன். ஜெயா மறுபடி சுவரைப் பார்த்து நின்றாள். ஆபீசர் கூப்பிடவில்லை. பியூனிடம் தணிந்த குரலில் மூன்று டீ சொன்னார்.

"எனக்கு டீ வேணாம் அங்கிள், பால்" என்று குரல் வந்தது சுவர்ப்பக்கத்திலிருந்து.

நான் மின்விசிறியைப் பார்த்தேன். கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது.

ஆபீசர் பைலை இழுத்து, 'அத்தியாவசியம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ராத்திரி ஷிப்ட் முழுக்க அப்பீலை இங்கிலீஷில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனவன் நான். அப்பீலை ஜெயித்தது ஒரு டம்ளர் பால்.

வீட்டுக்கு வந்து, பூஜையன்று கட்டி ஊறவைத்துப் போட்டிருந்த துணிகளை அலச உட்கார்ந்தேன்; வேட்டியிலும் அதே சந்தனம்.