கொலின்ஸின் காதும் தாயாரின் அக்கறையும்

ஆண்டவர் ஆறு நாளில் படைப்பு வேலையை முடித்துவிட்டு ஏழாம் நாள் ஓய்வெடுத்தார் அல்லவா? அந்த நேரம் பார்த்து உள்ளே எட்டிப் பார்த்து, இதை இன்னும் கொஞ்சம் செதுக்கியிருக்கலாமே என்று சொல்லும் ஓர் இனம் நம்மிடையே உண்டு. முகம் திருத்துவோர் என்று வைத்துக்கொள்வோம். பஸ்ஸில், பாமசியில் மருந்து வாங்கும் வரிசையில், கலியாணப் பந்தியில் நீங்கள் இவர்களைக் கண்டிருப்பீர்கள். அடையாளம் சுலபம். "குறை நினைக்காதேங்கோ" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். அதற்குப் பிறகு வருவது முழுவதும் குறைதான்.

முல்லைத்தீவுக் கரையில் இந்த இனத்தின் தலைசிறந்த பிரதிநிதி மார்கிறட். கெட்ட மனுசி அல்ல. அயலில் யாருக்காவது காய்ச்சல் என்றால் முதல் ஆளாகக் கஞ்சியோடு போய் நிற்பவர் அவர்தான். கஞ்சியைக் கொடுத்துவிட்டு, காய்ச்சல்காரரின் மூக்கு கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருப்பதையும் சொல்லிவிட்டுத்தான் வருவார். ஒரு செத்தவீட்டில், பெட்டிக்குள் கிடந்தவரை நெடுநேரம் பார்த்துக் கண்ணீர் விட்டவர், எழும்பும்போது விதவையின் பக்கம் குனிந்து, மனுசனின் புருவத்தை உயிரோடு இருக்கும்போதே சீராக்கியிருக்கலாம் என்றார். அக்கறை இல்லாதவர் இப்படிச் சொல்வாரா?

இந்த மார்கிறட்டுக்குத்தான் கொலின்ஸ் பிறந்தான். ஒரே மகன். கடலுக்குப் போகிறவன், உழைப்பாளி, சிரித்த முகம். காதுகள் மட்டும் திறந்து வைத்த ஜன்னல் கதவுகள்போல இரு பக்கமும் விரிந்து நிற்கும். அவனுக்கு அதில் எந்த முறைப்பாடும் இல்லை. பக்கத்து ஊரான தண்ணீரூற்றில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கும் நிறஞ்சனாவுக்கும் இல்லை; அவள் அவனை விரும்பித்தான் கட்டச் சம்மதித்தாள். கலியாணம் பேசி முற்றானதும் மார்கிறட், மகனும் மருமகளும் தன்னோடுதான் இருக்க வேண்டுமென்று புது அறை ஒன்று கட்டுவித்தார். அறை எழும்பியது, அவருடைய நித்திரை போனது. காரணம், கலியாணப் பட அல்பம். பேரப்பிள்ளைகள் காலம்வரை கிடக்கப்போகும் அல்பத்தில் பக்கத்துக்குப் பக்கம் அந்தக் காதுகள் நிற்குமே?

கைத்தொலைபேசியில் தேடினார். காதின் பின்பக்கம் வெட்டி, குருத்தெலும்பை மடித்துத் தைத்து, தலையோடு ஒட்டினாற்போல வைக்கும் சத்திரசிகிச்சை ஒன்று உண்டென்று கண்டுபிடித்தார். அன்றிலிருந்து வீட்டில் வேறு கதை இல்லை.

"காது நல்லாக் கேக்குதுதானே அம்மா," என்றான் கொலின்ஸ்.

"கேக்கிறதுக்கில்லையடா, பாக்கிறதுக்கு."

இந்தத் தாயோடு வாதாடுவதைவிடக் காற்றுக் கடலில் வலை இழுப்பது சுகம். அவன் தாயோடு கொழும்புக்குப் போனான். வைத்தியர் பொறுமையான மனிதர். இந்தக் காதுகளால் மனதில் கவலை ஏதும் உண்டா என்று அவனிடம் கேட்டார். நிறைய உண்டு என்றார் மார்கிறட். சின்ன வயதில் யாரும் கேலி செய்தார்களா என்று வைத்தியர் கேட்டார். தானே செய்ததாக மார்கிறட் சொன்னார். திகதி குறித்தாயிற்று.

இதற்கிடையில் மாதா கோவிலில் கலியாண அறிவித்தல் வாசித்தார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று பங்குச் சுவாமியார் மூன்று ஞாயிறும் கேட்டார். ஊர் வாயைத் திறக்கவில்லை. தடையைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போனது மாப்பிள்ளையின் தாய்தான்.

ஒளிப்பு மறைப்பு கூடாது என்ற நேர்மை அது. கொலின்ஸையும் கூட்டிக்கொண்டு போய்க் கதிரையில் இருந்ததும், நிறஞ்சனாவின் தாய் றஞ்சனியிடம் விஷயத்தைத் தொடங்கினார்.

"குறை நினைக்காதேங்கோ. தம்பியின்ரை காதைச் சரிப்பண்ணித்தான் உங்கட பிள்ளைக்குத் தருவம்."

றஞ்சனி அதுவரை அந்தக் காதுகளைக் கவனித்தவர் அல்ல. இப்போது கவனித்தார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இவருக்குத் தைக்கலாம். பிறக்கிறதுகளுக்கு?"

அதுகளுக்கும் தைக்கலாம் என்று மார்கிறட் உற்சாகமாகச் சொன்னார். றஞ்சனியின் முகம் சுருங்கிவிட்டது. அவசரமில்லை, கொஞ்சம் யோசிப்போம் என்றார். பெண் வீட்டார் யோசிக்கத் தொடங்கினால் அது எங்கே போய் முடியும் என்று யாருக்குத் தெரியாது? கொலின்ஸ் பாவம், வெளிறிப்போய் இருந்தான்.

தேத்தண்ணி கொண்டுவந்த நிறஞ்சனா, தட்டை வைத்துவிட்டு மார்கிறட்டுக்கு நேரே நின்றாள்.

"மாமி, என்னில ஏதும் திருத்த இருக்கோ?"

இதற்கு உலகத்தில் ஒரேயொரு பதில்தான் உண்டு. கொலின்ஸ் அதை மனதுக்குள் செபம்போலச் சொன்னான். மார்கிறட்டும் அதைச் சொல்லத்தான் நினைத்தார். வாயைத் திறந்தார், மூடினார், தேத்தண்ணியில் ஒரு மிடறு குடித்தார். ஆனால் கண் அடங்கினால்தானே? அது நிறஞ்சனாவின் நெற்றியில் தொடங்கி, மூக்கு வழியாக இறங்கி, முன்பல்லில் வந்து நின்றது.

"குறை நினைக்காதை பிள்ளை. அந்த முன்பல்லு மட்டும்."

நிறஞ்சனா அந்தப் பல் முழுவதும் தெரியச் சிரித்தாள். கலியாணம் நடக்கும், கொலின்ஸின் காதில் கத்தி படக்கூடாது, குடியிருக்கப்போவது தண்ணீரூற்றில்தான் என்று தாய்க்கும் மாமிக்கும் பொதுவாகச் சொன்னாள். மாமியோடு ஒரே வீட்டில் இருந்தால் தலையிலிருந்து கால்வரை தன்னில் ஒன்றும் மிஞ்சாது என்றும் சொன்னாள். கொலின்ஸ் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தாயின் முகத்தைப் பார்க்காமலே "ஓம்" என்றான். மார்கிறட்டுக்கு அந்த ஒரு சொல் உண்மையாகவே வலித்தது.

புது அறையில் இப்போது அல்பம் மட்டும் குடியிருக்கிறது. வருகிறவர்களுக்கு மார்கிறட் அதை ஆசையோடு எடுத்துக் காட்டுவார், இரண்டு பெருவிரல்களாலும் மகனின் காதுகளை மறைத்துப் பிடித்தபடி. மருமகளின் பல்லை மறைக்கத்தான் விரல் போதாது.

நீங்கள் அப்படிப்பட்டவர் அல்ல, அது எனக்குத் தெரியும். ஆனால் இதைப் படிக்கும்போது தெரிந்தவர் ஒருவரின் காது நினைவுக்கு வந்ததா? கொழும்பில் ஒரு வைத்தியர் இருக்கிறாராம் என்று அவர் காதில் பக்குவமாகப் போட்டுவைக்கலாம் என்றும் தோன்றியதா? போய்ச் சொல்லுங்கள். அடுத்த முறை போகும்போது, வீட்டுக்குள் ஆட்கள் பேசும் சத்தம் கேட்டும் கதவு திறக்கவில்லை என்றால், காரணம் கேட்டு என்னிடம் வரவேண்டாம்.