கொலையாளி மாற்றப்பட்டுள்ளார்

வாடிக்கையாளர் ஒருவரின் வலது கண்ணை மறைத்து, இடது கண்ணுக்கு முன்னால் ஒவ்வொரு வில்லையாக மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் எழுத்தாளரின் சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. அவருடைய நாவலுக்கு முதல் விமர்சனம் வந்திருந்தது.

"ரெண்டும் ஒரே மாதிரிதாங்க இருக்கு" என்றார் வாடிக்கையாளர்.

எழுத்தாளர் காதில் அது விழவில்லை. திரையில் ஒற்றை நட்சத்திரம் மின்னியது. அதன் கீழே 'கழுகுக்கண்' என்ற பெயரில் யாரோ ஒரு வரி எழுதியிருந்தார்: 'கொலையாளி யார் என்று மூன்றாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன்.'

எழுத்தாளருக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. சாப்பாட்டு இடைவேளையில் பரிசோதனை அறையின் கதவைச் சாத்திக்கொண்டு, சுவரில் ஒளிரும் எழுத்துப் பலகையின் வெளிச்சத்தில், கைபேசியிலேயே தட்டித் தட்டி எழுதிய நாவல் அது. பெயர், 'லிஃப்டுக்குள் ஒரு பிணம்'. பதிப்பகங்கள் ஒன்றுகூடப் பதில் போடாததால் அவரே பதிப்பகமானார். அவரே எழுதி, அவரே பிழை திருத்தி, இணையப் புத்தகக் கடையில் அவரே ஏற்றினார். படிக்கிற வேலையை மட்டும்தான் பிறருக்கு விட்டுவைத்திருந்தார். அதைச் செய்ய வந்த முதல் ஆளே இப்படிச் சொல்லிவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் காட்டினார். அவள் பார்சல் அலுவலகத்தில் புகார் பிரிவில் இருப்பவள். நாள் முழுக்கத் திட்டு வாங்கிப் பழகியவள். "ஒருத்தர் சொன்னதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க? விட்டுட்டு அடுத்ததை எழுதுங்க" என்றாள்.

அடுத்தது என்பது இரண்டாவது நாவல். 'விறுவிறுப்பாக வளர்கிறது' என்று அதைப் பற்றி வாரம் தவறாமல் தன் இணையப் பக்கத்தில் அறிவித்துவந்தார். இதுவரை வளர்ந்திருந்தது அறிவிப்பு மட்டும்தான்.

எழுத்தாளர் தன் நாவலின் மூன்றாம் பக்கத்தைத் திறந்தார். லிஃப்டில் கிடக்கும் பிணத்தைப் பார்த்துப் பல் டாக்டர், 'பாவம், இனி இவருக்குப் பல்வலியே வராது' என்று சொல்லிக் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொள்கிறார். எழுதும்போது அது மிக நுட்பமான குறிப்பாகத் தோன்றியிருந்தது. போதாக்குறைக்கு, அட்டையில் மச்சினன் இவ்வளவு பெரிய பல் பிடுங்கும் குறடு ஒன்றை வரைந்து வைத்திருந்தான். அவன் கடைப் பலகைகள் எழுதுகிறவன். உள்ளே என்ன கிடைக்கும் என்பதை வெளியே காட்டுவதுதான் அவனுக்குத் தெரிந்த கலை.

நல்லவேளையாக மின்நூலில் ஒரு வசதி இருந்தது. எப்போது வேண்டுமானாலும் பழைய பிரதியை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றலாம். ஏற்கெனவே வாங்கியவர்கள் கையில் பழையது இருக்கும், இனி வாங்குகிறவர்களுக்குப் புதியது போகும். சாப்பாட்டு இடைவேளைகளில் சாப்பிடாமல் உட்கார்ந்து, பல் டாக்டரைக் குற்றமற்றவராக்கினார். கொலைப்பழியை யார் மேலாவது போட்டாக வேண்டுமே. இறந்தவரின் அண்ணி ஒருத்தி கதையில் சும்மா வந்து போய்க்கொண்டிருந்தாள். அவள் தலையில் கட்டினார். அவளுக்குக் கொஞ்சம் உயிரூட்டுவதற்காக, எதைச் சொன்னாலும் 'தப்பா எடுத்துக்காதே' என்று தொடங்குகிற வழக்கத்தையும் கொடுத்தார். மச்சினன் குறட்டை அழித்து வளையல் போட்ட கை ஒன்றை வரைந்தான்.

புதிய பிரதியை முதலில் வாங்கியவர் எழுத்தாளரின் சொந்த அண்ணி. கொழுந்தன் புத்தகம் போட்டிருக்கிறான், நாம் வாங்காவிட்டால் யார் வாங்குவது என்ற நல்லெண்ணத்தில் வாங்கியிருந்தார். படித்து முடித்த கையோடு போன் செய்தார்.

"தப்பா எடுத்துக்காதே தம்பி" என்று தொடங்கினார். அண்ணி எப்போதும் அப்படித்தான் பேச்சைத் தொடங்குவார் என்பது எழுத்தாளருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அண்ணி கத்தவில்லை. கல்யாணமாகி வந்த நாள் முதல் இந்தக் குடும்பத்துக்குத் தான் என்னென்ன செய்தேன் என்பதை நிதானமாகச் சொன்னார். யாரையும் தான் லிஃப்டில் வைத்துக் கழுத்தை நெரித்ததில்லை என்பதையும் நினைவூட்டினார். பிறகு அண்ணன் போனை வாங்கி, இனிமேல் நான் அவள் சமைத்ததைச் சாப்பிட வேண்டுமா வேண்டாமா, அதை மட்டும் சொல் என்றார்.

அது கற்பனைப் பாத்திரம் என்று எழுத்தாளர் எவ்வளவோ விளக்கினார். "அப்போ கற்பனையாவே என்னை நல்லவளா காட்டியிருக்கலாமே தம்பி" என்றார் அண்ணி.

மறுநாளே அண்ணியை விடுதலை செய்தார். இந்த முறை சொந்தபந்தம் எதற்கும் சம்பந்தமில்லாத ஆளாகப் பார்த்துப் பிடித்தார். பிணம் கிடந்தது லிஃப்டில், அதைத் திறந்து மூடத் தெரிந்தவன் லிஃப்ட் மெக்கானிக். இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. மச்சினன் வளையல் கையை அழித்து ஸ்பேனர் ஒன்றை வரைந்தான். வரைந்துவிட்டு, "மாமா, கொலைகாரன் யாருன்னு வீட்டுல கலந்து பேசி முடிவு பண்ணிட்டு என்னைக் கூப்பிடுங்க" என்று மரியாதையாகவே சொன்னான்.

இங்கேதான் குடியிருப்புச் சங்கச் செயலாளர் உள்ளே வந்தார். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குடியிருப்பில் வாசகர் வட்டம் ஒன்றும் நடத்திவந்தார். நம் கட்டடத்திலேயே ஒரு நாவலாசிரியர் இருக்கிறாரே என்று பெருமைப்பட்டு, நாவலின் இணைப்பைக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். அந்தக் குழுவில் தண்ணீர் லாரிக்காரர் இருந்தார், எலக்ட்ரீஷியன் இருந்தார், லிஃப்ட் மெக்கானிக்கும் இருந்தார்.

மெக்கானிக் நல்ல வாசகர் என்பது யாருக்கும் தெரியாது. மறுவாரம் லிஃப்ட் பாதி வழியில் நின்றபோது செயலாளர் அவரைக் கூப்பிட்டார். வர முடியாது என்றுவிட்டார். காரணம் கேட்டதற்கு எழுத்தாளரிடமே கேட்டுக்கொள்ளச் சொன்னார். எழுத்தாளர் அவருடைய பட்டறைக்கே நேரில் போய் நின்றார்.

மெக்கானிக் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நேத்து ஒரு ஆபீஸ்ல சர்வீஸுக்குப் போனேன் சார். நான் லிஃப்ட்டுக்குள்ள நிக்கிறதப் பாத்துட்டு எல்லாரும் படியேறிப் போறாங்க. உங்க குரூப்லேருந்து யாரோ அங்கயும் அனுப்பியிருக்காங்க."

"அது நீங்க இல்லைங்க. வெறும் கதை."

"கதையில வர்றவனும் என்னை மாதிரியே காதுல பென்சில் சொருகியிருக்கான் சார்."

எழுத்தாளர் அவர் காதைப் பார்த்தார். பென்சில் இருந்தது. லிஃப்ட் ரிப்பேரான ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். எப்போது உள்ளே போனதோ, எப்படிக் கதையில் வந்ததோ, அவருக்கே தெரியவில்லை.

குடியிருப்பு முழுவதும் படியேறத் தொடங்கியது. மேல்மாடியில் இருந்தவர்கள் ஒவ்வொரு தளத்திலும் மூச்சு வாங்க நின்று எழுத்தாளரின் பெயரைச் சொன்னார்கள். கண்ணாடிக் கடைக்கு வந்து, கண் தெரியவில்லை என்று சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்து, மூட்டுவலியைப் பற்றிப் பேசினார்கள். மனைவி அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்து, அதைக் கணவரின் காலடியில் வைத்தாள். அவர் அப்போது கைபேசியில் மெக்கானிக்கை நல்லவராக்கிக்கொண்டிருந்தார்.

இனி யாரையும் கொலையாளியாக்கக் கூடாது என்ற முடிவுக்கு வந்திருந்தார். இறந்தவரே தன் முடிவைத் தேடிக்கொண்டார் என்று மாற்றினால் உலகத்தில் ஒருவரும் கோபித்துக்கொள்ள முடியாது. கடைசி அத்தியாயங்களை அவசர அவசரமாகத் திருத்தி ஏற்றினார். ஸ்பேனரை எடுத்துவிட்டு என்ன வரைய என்று மச்சினன் கேட்டான். ஒன்றும் வேண்டாம், வெறும் லிஃப்ட் போதும் என்றார். புதிய பிரதியை மெக்கானிக்குக்கு அனுப்பி, காதில் பென்சில் இல்லாத பக்கங்களைத் தனியாகக் குறித்தும் அனுப்பினார். மெக்கானிக் படித்துப் பார்த்துவிட்டு வந்து லிஃப்டைச் சரிசெய்து கொடுத்தார்.

இவ்வளவு கூத்திலும் ஒரு நன்மை நடந்திருந்தது. லிஃப்டையே நிறுத்தின கதையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்ப்பதற்காகக் குடியிருப்பில் பாதிப்பேர் நாவலை வாங்கிவிட்டார்கள். ஆளுக்கொரு சமயத்தில் வாங்கினார்கள். அதன் விபரீதம், வாசகர் வட்டம் அவர் நாவலையே விவாதத்துக்கு எடுத்துக்கொண்ட ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் எழுத்தாளருக்கு உறைத்தது.

சங்க அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பியிருந்தன. முதல் வரிசையில் எழுத்தாளரும் மனைவியும். செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்த அண்ணி பாத்திரத்தை நம்மால மறக்கவே முடியாது. கடைசியில அவதான் கொலைகாரின்னு தெரியும்போது" என்று ஆரம்பித்தார்.

"அண்ணியா? மெக்கானிக்தான் சார்" என்றார் எலக்ட்ரீஷியன்.

"நீங்க ரெண்டு பேரும் படிச்சீங்களா, இல்ல அட்டையைப் பாத்துட்டு வந்தீங்களா?" என்று கேட்டார் இரண்டாம் மாடி நர்ஸம்மா. "யாரும் கொல்லலை. அந்த மனுஷன் தானா போய்ச் சேர்ந்துட்டார். ஆனா எனக்கு ஒரு சந்தேகம். செத்தவர் கடைசி அத்தியாயத்துல வந்து போலீஸ்காரரோட காபி குடிக்கிறாரே, அது எப்படி?"

அவசரத் திருத்தத்தில் பெயர் மாறிப்போயிருந்தது. எழுத்தாளர் நாற்காலியில் இன்னும் கொஞ்சம் கீழே சரிந்தார்.

அறை இரண்டுபட்டது, பிறகு மூன்றுபட்டது. ஒவ்வொருவரும் தன் கைபேசியை அடுத்தவர் மூக்குக்கு நேரே நீட்டினார். வங்கியில் இருந்தபோது ஒரு கையெழுத்தைக்கூடத் தவறாகப் பார்த்ததில்லை என்றார் செயலாளர். படிக்கத் தெரியாதவனா நான் என்று கேட்டார் எலக்ட்ரீஷியன். கடைசியில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் எழுத்தாளரின் ஞாபகம் வந்தது. அறையே அவர் பக்கம் திரும்பியது.

எழுத்தாளர் எழுந்து நின்றார். என்ன சொல்லப்போகிறோம் என்று அவருக்கே தெரியாது.

"திட்டமிட்டுத்தான் செஞ்சேன்" என்றார். "ஒரே கதை, ஆனா ஒவ்வொரு வாசகருக்கும் வேற வேற கொலையாளி. யாரைச் சந்தேகப்படுறோமோ, அது நம்ம மனசைத்தானே காட்டுது."

மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்பு தெரிந்திருக்க வேண்டிய ஏதோ ஒன்றை அவள் இப்போதுதான் தெரிந்துகொண்டது போலிருந்தது அந்தப் பார்வை.

செயலாளர் கண்ணை மூடி யோசித்தார். பிறகு மெதுவாகக் கைதட்டினார். அறையே கைதட்டியது. இந்த மாதிரி முயற்சி எங்கேயும் வந்ததில்லை என்றார் ஒருவர். இறந்தவர் காபி குடித்ததில்தான் முழுத் தத்துவமும் இருக்கிறது என்று நர்ஸம்மாவே ஒப்புக்கொண்டார். அண்ணியைக் கொலைகாரியாகப் பார்த்த செயலாளர், தனக்கும் தன் அண்ணிக்கும் உள்ள பழைய சொத்துத் தகராறை எல்லார் முன்னாலும் சொல்லிக் கண் கலங்கினார்.

கூட்டம் கலைந்தபோது எழுத்தாளரின் கால் தரையில் படவில்லை. கழுகுக்கண் எங்கேயாவது இருந்து இதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தார். அந்த ஒற்றை நட்சத்திரம் மட்டும் விழாமல் இருந்திருந்தால் இந்தப் புகழ் வந்திருக்குமா என்றும் நினைத்தார். அவனை மன்னித்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

எல்லாரும் போன பிறகும் பின்வரிசையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தரைத்தளத்தில் தனியாக இருக்கும் கணக்கு வாத்தியார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருஷமாகிறது. விவாதம் முழுக்க அவர் வாயே திறக்கவில்லை. மூக்கில் இருந்த கண்ணாடி எழுத்தாளர் அளவெடுத்துக் கொடுத்தது. அவர் மெல்ல எழுந்து வந்தார். முகம் வாடியிருந்தது.

புது போன் வாங்கியதாகவும், அதில் நாவலைத் திரும்ப இறக்கிப் படித்தால் கதையே வேறு மாதிரி இருப்பதாகவும் சொன்னார். தன் கண்ணில்தான் கோளாறோ என்று பயந்துபோய், கேட்டுவிட்டுப் போகலாம் என்று காத்திருந்தாராம்.

"கண்ணுல ஒண்ணும் இல்ல சார். நான்தான் மாத்தினேன்" என்றார் எழுத்தாளர் பெருந்தன்மையாக. "உங்களுக்கு எந்த முடிவு பிடிச்சிருந்துது?"

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பல் டாக்டரை ஏன் தம்பி எடுத்தீங்க? இத்தனை வருஷமா துப்பறியும் கதை படிக்கிறேன், நானா கண்டுபிடிச்ச ஒரே கொலைகாரன் அவன்தான், அதுவும் மூணாவது பக்கத்துலயே. அந்தச் சந்தோஷத்துலதானே அன்னிக்கே உங்களுக்கு ஒத்தை நட்சத்திரம் குத்தினேன், ஃபர்ஸ்ட் ரேங்க்குன்னு."