சுவரை மறைத்த காற்று

1996 ஜூன் 17, திங்கட்கிழமை, காலை பத்தரை மணி. செங்கம் சாலையை ஒட்டிய மாடி அறையில் பெட்டியை இறக்கிவைத்த பத்தாவது நிமிடம், திருவண்ணாமலையில் வெள்ளையை வெள்ளையென்று ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதரைச் சந்தித்தேன். பக்கத்து அறைக்காரர். என் கையிலிருந்த பால் சொம்பைப் பார்த்தார்.

“ஒரு சொட்டு குடுங்கம்மா.”

பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமான அட்டை ஒன்றில் பாலைப் பிரஷ்ஷால் தடவினார்.

“கறுப்பு தெரியுது பாருங்க. தண்ணி ஜாஸ்தி.”

மறுவாரம் பால்காரர் எங்கள் தெருவையே விட்டுவிட்டார்.

சென்னையில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர். ‘இரண்டு கோட்டு அடிக்கவும்’ என்று டப்பாவில் அச்சிட்டதைத் தன்மானப் பிரச்சினையாக்கி வேலையை விட்டவர். தெருவில் அவருக்குப் பெயர் ‘ஒரே கோட்டு சார்’. மூக்கில் வெள்ளைக் களிம்பு பூசிய வெளிநாட்டுக்காரர் ஒருவரைப் பேருந்து நிறுத்தம்வரை பின்தொடர்ந்து, அது ஒரு கோட்டா இரண்டா என்று விசாரித்திருக்கிறார். அந்தப் பயணி மறுநாளே ஊரைவிட்டுப் போனதாகச் சொல்வார்கள், நான் உறுதிசெய்யவில்லை.

கல்லூரியில் என் வகுப்பில் எவரோடும் எனக்குப் பேச்சு வரவில்லை. மாலைகளில் நான் பேசியது, சரியாகச் சொன்னால் கேட்டது, அவரிடம் மட்டுமே. பெயிண்டுக்கான வெள்ளைப் பொடியைப் படிகாரத் தண்ணீரில் கலக்கி, சலவைச் சோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவார்.

“சட்டை போட்டுவுடறேம்மா.”

“யாருக்குங்க சார்?”

“ஒவ்வொரு துகளுக்கும். சட்டை இல்லேன்னா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். கும்பலா நின்னா செவுரு தெரியும். தனித்தனியா நின்னாதான் மறைக்கும்.”

தனியாக நிற்பதிலும் ஒரு பயன் உண்டு என்று எனக்குச் சொன்ன முதல் மனிதர் அவர்.

ஆடியில் ஒரு நாள், காவிப் பொடிக்குச் சட்டை போட குக்கரை அடுப்பிலேற்றி நடைக்குக் கொண்டுவந்தார். மூடி பறந்தது. நடைச் சுவரில் தரையிலிருந்து கூரைவரை காவி.

வீட்டுக்காரம்மா மேலே வந்தார். “வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் இந்தக் கறை என் கண்ணுல படக் கூடாது. பட்டா ரூமைக் காலி பண்ணிடுங்க.”

“ஒரே கோட்டும்மா.”

“ஜன்னலுக்கும் இதான் சொன்னீங்க. அது இன்னும் தொறக்கல.”

வெள்ளைப் பொடியைத் தாராளமாகப் போட்டு, பசையைக் குறைத்து, வியாழக்கிழமை அடித்தார். காய்ந்த சுவரை வீட்டுக்காரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். “பரவால்லியே” என்று இறங்கிப் போனார். அன்றிரவு நான் நன்றாக உறங்கினேன்.

வெள்ளி மாலை நடைக்குள் சாரல் அடித்தது. சுவர் நனைய நனைய, காவி முழுதாக எழுந்து நின்றது. சார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பசை கம்மி. நடுநடுவுல காத்து நின்னுருக்கு. மறைச்சது என் பொடி இல்லேம்மா, அந்தக் காத்துதான். இப்ப அந்த எடத்துல தண்ணி பூந்துடுச்சு.”

“காஞ்சா மறுபடி மறைஞ்சுடும் இல்லீங்களா?”

“மறையும். ஆனா அதை நான் மறைப்புனு சொல்ல மாட்டேன்.”

வீட்டுக்காரம்மா படியேறி வருவதற்குள் சார் பெட்டியைக் கட்டிவிட்டார். கேட்காத சாவியை நீட்டினார்.

“மழையாவது விடட்டும், சார்,” என்றார் வீட்டுக்காரம்மா.

சார் குக்கரைத் தலைக்குமேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, பேருந்து நிலையம் பக்கம் நடந்தார்.

மறுநாள் காலை சுவர் காய்ந்து, அப்பழுக்கின்றி வெளுத்திருந்தது. கல்லூரிக்குக் கிளம்பிய நான் ஒரு துணியை நனைத்து அதைத் துடைத்தேன். காவி வந்தது. அது காய்ந்து மறையும்வரை நின்றிருந்துவிட்டு, இன்னொரு முறை துடைத்தேன்.