கடைசித் துண்டின்மேல் தோர்நிகே படையெடுத்த படலம்

வாழ்க தோர்நிகே! பனிமலை சூழ் ஜார்ஜியத் திருநாட்டின் தவப்புதல்வன், ஓல்டன்பர்க் மாநகரில் இரட்டைக் குழந்தைகளின் மூக்கொழுக்கைத் துடைத்தருளும் 'ஓ-பேர்' என்னும் பிள்ளைவளர்ப்போன், ஆண்கள் அரிதாகிய அத்திருப்பணியில் அவ்வூருக்கு வாய்த்த ஒற்றை ஆண்மகன், எதிர்காற்றில் குழந்தை வண்டியிழுத்து மிதிவண்டி மிதிக்கும் முழந்தாள் வலிமையோன் வாழ்க. தட்டில் மிஞ்சும் கடைசித் துண்டுக்கு அஞ்சாத மானிடன் இப்பூவுலகில் அவன் ஒருவனே. இதை நாம் சொல்லவில்லை. அவனே சொன்னான், போன மாதம், வாய் நிறையக் கேக்கோடு.

அயலார் இல்லங்களில் தங்கிப் பிள்ளை வளர்க்கும் பன்னாட்டு இளையோர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயக் கூடத்தில் கூடுவது அவ்வூர் வழக்கம். கூட்டுவிப்பவர் ஹின்ரிக்ஸ் அம்மையார், குடுவை குடுவையாகக் காபி வடிக்கும் கைவண்மையார். போன மாதம் மடகாஸ்கரின் லலைனா வாழைப்பழக் கேக் சுட்டு வந்திருந்தாள். கடைசித் துண்டு வரை கலகலப்பு. கடைசித் துண்டு வந்ததும், எடுப்பவர் பெருந்தீனிக்காரர் என்ற பழிக்கு அஞ்சிக் கூடம் தலைகுனிந்தது. ஒருத்தி அதில் பாதியை வெட்டிக்கொண்டாள்; இன்னொருத்தி அந்தப் பாதியில் பாதியை; மற்றொருத்தி அதிலும் பாதியை. முடிவில் எறும்பும் ஏளனம் செய்யத்தக்க துணுக்கொன்று வெண்தட்டின் நட்டநடுவே, படையனைத்தும் பட்ட களத்தில் தனித்து நின்ற மன்னனைப் போல நின்றது. அப்போதுதான் தோர்நிகே நாற்காலிமேல் ஏறிச் சூளுரைத்தான்:

"பாதி வெட்டுறவங்கல்லாம் பயந்தாங்கொள்ளிங்க. கடைசித் துண்டுன்னா என்ன, வெடிகுண்டா? அடுத்த மாசம் நான் சமைச்சுக் கொண்டுவர்றேன். கடைசித் துண்ட நீங்க எல்லாரும் பாக்க, முழுசா, ஒரே வாயில போட்டுக் காட்டுறேன்."

"சரிடா, பாப்போம்," என்றாள் கொலம்பியாவின் யுராணி, நகத்தைப் பார்த்தபடி. "முதல்ல நாற்காலிய விட்டு இறங்கு."

சொன்ன சொல் பிறழாத தோன்றல், மறுமாதம் கேடயம்போல் வட்டமான கச்சாபுரி என்னும் தாய்நாட்டு ரொட்டி ஒன்றை இரு கைகளில் ஏந்தி எழுந்தருளினான். உள்ளே உருகிய பாலாடைக்கட்டி, மேலே பொன்னிறப் புள்ளி, சுற்றிலும் ஆவி. அவன் தங்கிய இல்லத்திலோ மாலைதோறும் ஆறிய ரொட்டி, அதன்மேல் அதைவிட ஆறிய பாலாடைக்கட்டி. சுடச்சுட ஒரு வாய் தாய்நாட்டு உணவுக்காக அவன் நாக்கு, அவன் இவ்வூருக்கு வந்த நாள்தொட்டு நோன்பிருந்தது. ஆயினும் அவன் குலத்தில், பந்தி வைத்தவன் பந்திக்கு முந்துவதில்லை. கோப்பையுயர்த்தி வாழ்த்துவதே அவன் கடமை. எனவே ஆப்பிள் சாற்றை உயர்த்தினான். பெற்றோரை வாழ்த்தினான், மறைந்தோரை வாழ்த்தினான், உலக அமைதியை வாழ்த்தினான், ஹின்ரிக்ஸ் அம்மையாரின் காபி வடிதாளை வாழ்த்தினான், இரட்டையரின் முளைக்கவிருக்கும் கடைவாய்ப் பற்களையும் விட்டானில்லை. அவன் நா வாழ்த்த வாழ்த்த, முட்கரண்டிப் படை நாற்றிசையும் வளைத்துக் கேடயத்தைத் தின்ன, கோப்பை கீழிறங்கியபோது ஒரேயொரு துண்டு மிஞ்சியிருந்தது. அவனோ ஒரு வாயும் உண்டிருக்கவில்லை.

"கடைசித் துண்டு இருக்கே, யாருக்குப்பா வேணும்?" என்றார் ஹின்ரிக்ஸ் அம்மையார்.

ஒருத்தி கூரையை ஆராய்ந்தாள். ஒருத்திக்குக் காலணிக் கயிறு அவிழ்ந்தது. "எனக்கு வயிறு ரொம்பிடுச்சு," என்றாள் லலைனா; அவ்வயிறு அக்கணமே உறுமி அவளைக் காட்டிக்கொடுத்தது.

"நம்ம வீரன் இருக்கான்ல," என்றாள் யுராணி. "வாடா, எடு. ஒரே வாயில."

முட்கரண்டியை ஓங்கினான் தோர்நிகே. விழிகள் அனைத்தும் வேல்களாகி அவன்மேல் நின்றன. அவன் அஞ்சினானில்லை. முனை பாலாடைக்கட்டியைத் தொட்டது. தொட்டபோதுதான் அந்த நினைவு இடியென இறங்கியது. போன மாதம் அவன் விருந்தாளி. இன்று விருந்து அவனுடையது. வந்தவர் எழுவதற்குமுன் தன் வீட்டுத் தட்டை வெறுந்தட்டாகக் காட்டிய கஞ்சன் அவன் பரம்பரையில் ஒருவனும் இல்லை. அதிலும் அத்தட்டைத் தன் கையால் துடைத்தவன் என்று ஒருவன் பிறந்துவிட்டால், முறுக்கு மீசை முன்னோர் மலைக் கல்லறைகளைப் பெயர்த்துக்கொண்டு எழுந்து ஓல்டன்பர்க்வரை நடந்தே வந்துவிடுவர். ஒருபுறம் அம்மீசைப் பெரும்படை. மறுபுறம் மாதக்கணக்காய்க் காய்ந்த வயிறு என்னும் தனிப்பெருஞ் சேனாபதி. நடுவே, பசியால் சிலிர்த்தும் பெருமையால் விறைத்தும், ஓங்கிய கரண்டி ஓங்கியபடி, ஊழிக்காலம் உறைந்து நின்றான் நம் கோமகன்.

"என்னடா, கை வலிக்கலையா?" என்றாள் யுராணி.

"ஆறட்டும்னு பாக்குறேன்."

"அது ஆறி அரை மணி நேரமாச்சு."

தோர்நிகே கத்தியை எடுத்துப் பாதியை வெட்டிக்கொண்டு, மீதியைத் தட்டிலேயே விட்டான்.