லோமிட்ஸ் மண்ணின் பிறப்பிடம்

லோமிட்ஸ், நெப்ராஸ்கா
9 ஜூன் 2022, வியாழக்கிழமை

அன்புள்ள மருமகன் டுவேனுக்கு,

மாமா லாம்பர்ட் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே என் முழங்கால் இரண்டையும் தவிர மற்றதெல்லாம் நலம். நீயும் ஜோலீனும் பிள்ளைகளும் சுகம்தானே? உங்கள் பக்கம் மழை எப்படி என்று அடுத்த வரியில் கேட்பது நம் ஊர் மரியாதை. ஆனால் மழையைப் பற்றி வாய் திறக்கும் யோக்கியதை எனக்கு இல்லை என்பது கடிதத்தின் பாதியில் உனக்கே விளங்கிவிடும்.

நிற்க. இதைப் போனில் சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் நீ பதில் பேசுவாய், அதைக் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. எழுபத்தாறு வயதில் தபால் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற கிழவன் என்று நினைத்துக்கொள். அது உண்மையும்கூட.

நாளை மறுநாள் சனிக்கிழமை உன் அம்மாவின் மேய்ச்சல் நிலத்து மேட்டில் ஊர் கூடி ஒரு கல் நடப்போகிறது. ஊருக்கு நூற்றிருபத்தைந்து வயது, அதற்காக. கல்லில் 'லோமிட்ஸ் மண்ணின் பிறப்பிடம்' என்று வெட்டியாகிவிட்டது, அதன் கீழே என் பெயரும். பள்ளிக்கூட பேண்டு வாசிக்கப்போகிறது, உன் அம்மா கொலாச் என்கிற பழ ரொட்டி சுடப்போகிறாள், நான் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பேச வேண்டும். அந்தக் கல்லை நிமிர்ந்து பார்க்க என்னால் முடியாது, டுவேன். அந்த மேட்டில் பிறந்தது மண் இல்லை. ஊருக்கு முன்னால் அதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவன் நீ, ஏனென்றால் அங்கே வீடு கட்ட விடாமல் உன்னை நாற்பது மைலுக்கு அப்பால் ரயில் பாதை ஓரத்துக்குத் துரத்தியவன் நான்தான்.

முதலிலிருந்து சொல்கிறேன். ஒரு மண்ணுக்குப் பெயர் வைப்பது கன்றுக்குட்டிக்குப் பெயர் வைக்கிற மாதிரி இல்லை. ஆளுயரக் குழி தோண்ட வேண்டும், அடுக்கு அடுக்காக நிறம் பார்க்க வேண்டும், எச்சில் தொட்டு விரலில் பிசைந்து களி எவ்வளவு மணல் எவ்வளவு என்று சொல்ல வேண்டும், பை பையாக ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும், முப்பது வருட மழைக் கணக்கைச் சேர்க்க வேண்டும், நிலம் மேடா சரிவா தாழ்வா என்று எழுத வேண்டும். ஆய்வுக்கூடம், மழை, நிலத்தோற்றம் மூன்றும் ஒன்றையொன்று ஆமோதித்தால்தான் அது தனி மண், அந்தக் குழிதான் அதன் மூலக் குழி. அதற்குப் பிறகு எந்த வயலில் எவன் மண்ணை அள்ளினாலும் அந்தக் குழியோடு ஒப்பிட்டுத்தான் பெயர் சொல்வான். நான் இருபது வருடம் மண் அளவைத் துறையில் வேலை பார்த்திருந்தேன், என் பெயரில் ஒரு மண்கூடக் கிடையாது. என்னோடு சேர்ந்த ஹார்லனுக்கு மூன்று. அவன் மதியச் சாப்பாட்டின்போது மூன்று விரலை நீட்டி உப்புக் கேட்பான். உப்புக் கேட்க மூன்று விரல் எதற்கு?

அதனால் 1989 ஆகஸ்டில் லோமிட்ஸ் பக்கம் வந்தபோது எப்படியாவது ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவது என்றுதான் வந்தேன். குழி தோண்ட வேண்டிய சரியான இடம் உன் அம்மா பண்ணைக்கு வடக்கே முக்கால் மைலில், சதுப்புக்கு அந்தப் பக்கம். குழி தோண்டும் வண்டி அரை நாளுக்குத்தான் வாடகைக்குக் கிடைத்தது, அதன் பின் சக்கரம் சதுப்பில் இறங்கிவிட்டது, அதை இழுத்து வெளியே எடுக்கவே பதினொன்றரை ஆகிவிட்டது, வெயில் மண்டையைப் பிளந்தது, அந்த நேரம் பார்த்து உன் அம்மா வீட்டுப் பக்கமிருந்து பன்றி வறுவலும் புளித்த முட்டைக்கோஸும் மாவு உருண்டையும் வேகிற வாசனை வந்தது. நான் வண்டிக்காரனைப் பார்த்தேன், வண்டிக்காரன் என்னைப் பார்த்தான். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மேடு அழகாகத் தெரிந்தது. 'இங்கேயே தோண்டு' என்றேன். பசியால் இடம் குறிக்கப்பட்ட மூலக் குழி இந்த நாட்டிலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும்.

தோண்டினால், மருமகனே, கறுப்பு! சுற்று வட்டாரத்தில் கரிய மேல்மண் பதினாலு அங்குலத்தில் முடிந்துவிடும், இங்கே முப்பத்தோரு அங்குலம் வரை கறுப்போ கறுப்பு. ஹார்லன் முகம் கண் முன்னால் வந்தது. அப்போதுதான் இருபத்தாறாவது அங்குலத்தில் சின்னதாக ஒரு செம்புக் கம்பி, வளையமாக வளைந்தது, கத்தி முனையில் மாட்டியது. பன்றி மண்ணைக் கிளறாமல் இருக்க மூக்கில் போடும் வளையம். பண்ணையில் பிறந்தவன் நான், பார்த்தவுடன் தெரியாதா? தெரிந்தது. வேலிக் கம்பி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன், அப்புறம் உள்ளே போய் மூன்று தட்டு சாப்பிட்டேன். பன்றி அன்றைக்கு என்னைத் தட்டிலும் ஏமாற்றியது, மண்ணிலும் ஏமாற்றியது.

ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வந்தபோது பாஸ்பரஸ் மட்டும் பக்கத்து மண்ணைப்போல் பதினாலு மடங்கு. அங்கிருந்த அதிகாரி போன் செய்து, அந்த இடத்தில் பழைய தொழுவம் ஏதாவது இருந்ததா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். உழாத பழைய புல்வெளி என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் மறைத்தது முப்பத்தோரு அங்குலப் பூசணிக்காய்.

அடுத்தது மழை. இந்த மண் ஈரமான வகையில் சேர வேண்டுமானால் வருட மழை இரண்டு அங்குலம் கூடுதலாக வேண்டும். ஊர் மழைமானியோ மாதா கோவில் தோட்டத்தில் இருந்தது, கணக்கு எழுதுகிறவர் தபால் நிலையத்து போஹுமில், பாவம், நேர்மையான மனிதர், கண்டதை அப்படியே எழுதுவார். அவர் கணக்குப்படி இரண்டு அங்குலம் கூடுதலாகவே இருந்தது. எனக்கு ஆனந்தம். ஜூலை மாதத்தில் ஊரே முழங்காலிட்டு மழைக்கு ஜெபம் செய்த அதே ஞாயிற்றுக்கிழமையில் அரை அங்குலம் பெய்ததாக இருக்கிறதே என்று ஒரு கணம் உறுத்தியது. தோட்டத்தில் பூச்செடிக்குத் தண்ணீர் சுற்றியடிக்கும் குழாய் மழைமானிக்கு நாலு அடியில் நின்றதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு, நல்ல பூக்கள் என்று பாதிரியாரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

கடைசியாக நிலத்தோற்றம். 'இயற்கையாக அமைந்த மேட்டின் உச்சி, இரண்டு சதவீதச் சரிவு' என்று என் கைப்பட எழுதினேன். இயற்கையாம்! பழைய பன்றிப்பட்டியில் நாற்பது வருடம் வைக்கோலும் சாணமும் கொட்டிக் கொட்டி உயர்ந்த மேடு. இப்படி ஆய்வுக்கூடம் பொய், மழை பொய், மேடு பொய். மூன்று பொய்யும் ஒன்றையொன்று ஆமோதித்தன. மேலிடத்தில் பாராட்டினார்கள்.

பாராட்டோடு நின்றிருந்தால் என்னோடு போயிருக்கும். 2008இல் நீயும் ஜோலீனும் வீட்டு வரைபடத்தோடு உன் அம்மா சமையலறையில் உட்கார்ந்திருந்தீர்கள். அந்த மேட்டில் கட்ட வேண்டும் என்று கேட்டீர்கள். உன் அம்மா, அது மாமாவின் குழி, அவனைக் கேட்காமல் முடியாது என்று சொல்லி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போனை மேசையில் வைத்துவிட்டு என்னைக் கேட்டாள். அரசாங்கத்தில் அப்படி ஒரு சட்டமே கிடையாது, டுவேன். குழியை அன்று சாயங்காலமே மூடியாகிவிட்டது. ஆனால் எல்லோரும் என் வார்த்தைக்குக் காத்திருக்கிறார்கள் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "அங்க ஒரு மம்பட்டி படக் கூடாது. அது நாட்டுக்குச் சொந்தமான குழி" என்றேன். ஜோலீன் வரைபடத்தைச் சுருட்டும் சத்தம் கேட்டது. பதினாலு வருடமாக அந்தச் சத்தம் எனக்குக் கேட்கிறது. கேட்டும் கிறிஸ்துமஸுக்கு உங்கள் வீட்டுக்கு வந்து, ரயில் போகும்போது தட்டு ஆடுவதைப் பார்த்து, 'பழகிவிடும்' என்று வேறு சொன்னேன். மனிதனா நான்?

இப்போது ஏன் சொல்கிறாய் என்று கேட்பாய். மனசாட்சி விழித்துக்கொண்டது என்று எழுத ஆசைதான். இல்லை, மாட்டிக்கொண்டேன். திங்கட்கிழமை மண் அளவைத் துறையிலிருந்து டெஸ் ஹால்வர்சன் என்று ஒரு பெண் வந்தாள். பழைய மூலக் குழிகளிலெல்லாம் புதிதாக மண் எடுக்கிறார்களாம். என்னைப் பார்த்தவுடன், நீங்கள் எழுதிய விவரக் குறிப்பைக் கல்லூரியில் படித்தேன் என்று கை குலுக்கினாள். நானும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மேட்டைக் காட்டி, ஒரு பிரசங்கமே செய்தேன். அவள் கூட வந்த வண்டி மூடிய குழியைத் திரும்பத் தோண்டியது, அவள் பாட்டுக்கு உள்ளே இறங்கிச் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் கழித்து மேலே ஏறி வந்து உள்ளங்கையைத் திறந்தாள். பதினோரு மூக்கு வளையம். கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அவள் என் முகத்தைப் பார்க்காமல் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"சார், வரைபடத்துல நாப்பத்தோராயிரம் ஏக்கர் லோமிட்ஸ் மண்ணுன்னு போட்டிருக்கு. நான் பதினெட்டு இடத்துல பாத்துட்டேன், எங்கயும் இல்ல. இந்தக் கால் ஏக்கர்லதான் இருக்கு" என்றாள். அப்புறம் மெதுவாக, "நான் அறிக்கை எழுதறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிட்டீங்கன்னா எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருக்கும்" என்றாள்.

என் பேத்தி வயது அவளுக்கு. அவளுக்கு நிம்மதி வேண்டும் என்பதற்காக நான் யோக்கியன் ஆக வேண்டியிருக்கிறது, பார். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று தோன்றியது. ஆனால் அந்த இடத்தில் ஏற்கெனவே ஆளுயரக் குழி இருந்தும் நான் விழவில்லை.

ஆகவே சனிக்கிழமை பேண்டு நின்றதும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதாக இருக்கிறேன். ஹார்லன் வருகிறான், முன் வரிசையில் உட்காருவான், உட்காரட்டும். உன்னிடம் கேட்பது இவ்வளவுதான். என்னை மன்னிக்க முடிந்தால் மன்னி, முடியாவிட்டால் திட்டி ஒரு கார்டு போடு. அந்த மேடு உன்னுடையது, எப்போதுமே உன்னுடையதாக இருந்திருக்க வேண்டும். மம்பட்டியை எடுத்துக்கொண்டு வா, அஸ்திவாரத்துக்கு முதல் வெட்டு இந்த முழங்காலோடு நானே வெட்டுகிறேன். உன் அம்மாவை எதுவும் சொல்லாதே. பாவம், தம்பி சொன்னதை வேதவாக்காக நம்பி முப்பத்துமூன்று வருடம் அந்த மேட்டில் ஒரு ஏர் பட விடாமல் காத்தாள். பெற்ற பிள்ளையையே தூரத்தில் வைத்தாள்.

ஜோலீனுக்கு என் மன்னிப்பைத் தனியாகச் சொல். பிள்ளைகளுக்கு முத்தம். எல்லோரையும் ஆண்டவர் நல்ல தண்ணீரும் நல்ல மண்ணும் கொடுத்துக் காப்பாற்றட்டும். மண் எது என்று தேர்ந்தெடுக்கும் வேலையை மட்டும் என்னிடம் விட வேண்டாம்.

தலைகுனிந்து,
உன் மாமா
லாம்பர்ட் கூச்செரா

பி.கு.: உறையை ஒட்டும் முன் மனசு கேட்காமல் உன் அம்மாவுக்குப் போன் போட்டு முழுக் கடிதத்தையும் படித்துக் காட்டினேன். அவள் அந்தப் பக்கம் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"ஏன்டா தம்பி, அது பன்னிப்பட்டின்னு எனக்குத் தெரியாதா? கல்யாணமாகி வந்து ரெண்டு வருஷம் நான்தான்டா அதுங்களுக்குத் தீனி போட்டேன். நீ அப்ப வயோமிங்ல வேலையில இருந்தே."

அப்புறம் ஏன் குழி தோண்டின அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ எவ்வளவு சந்தோஷமா சாப்பிட்டுக்கிட்டிருந்தே. எப்படிடா சொல்ல?" என்றாள். அப்படியானால் டுவேனை எதற்கு வீடு கட்ட விடவில்லை என்று கேட்டேன். மாவைப் பலகையில் ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டுச் சொன்னாள்.

"எதிர்ப் பண்ணை மேரி ஆனோட பையன் ரோட்டுக்கு அந்தப் பக்கந்தான் வீடு கட்டினான். ஈஸ்டருக்கு அப்புறம் அவன் அவ வீட்டுப் படி ஏறலடா. டிராக்டர்ல இருந்தே கைய காட்டிட்டுப் போறான். என் பையன் ஞாயித்துக்கிழமை தவறாம நாப்பது மைல் ஓட்டிக்கிட்டு வர்றான். அவ்வளவு தூரம் வந்துட்டோமேன்னு பொழுது சாயற வரைக்கும் உக்காந்திருக்கான். உன் குழி இல்லன்னா வேற எதாவது சாக்கு தேடியிருப்பேன்."

பன்றி விஷயத்தைச் சனிக்கிழமை நான் தாராளமாகப் பேசலாமாம், ஆனால் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் பேச வேண்டுமாம். இந்தக் கடிதத்தை மட்டும் உனக்கு அனுப்பக் கூடாது, கிழித்துப் போடு என்றாள். கிழித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். ஆக, நம் குடும்பத்தில் என் விஞ்ஞானத்தை ஒரு நாளும் யாரும் நம்பியிருக்கவில்லை. இதற்கு எப்படி வெட்கப்படுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

வீட்டுப் பேச்சை எடுக்காதே, டுவேன். மம்பட்டி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் தெரியாதவன்போல் போ. ஜோலீனையும் கூட்டிக்கொண்டு போ. கிளம்ப வேண்டும் என்று தோன்றும்போது இன்னும் ஒரு மணி நேரம் இரு.