சாக்கு

எட்டு மணிக்குள் கேட்டைத் தாண்டாவிட்டால் வேலை போச்சு. இன்றைக்கு ஒரு நாள் மட்டும் மானத்தைக் காப்பாற்று, கண்ணு.

மனத்துக்குள் காரைக் கெஞ்சியபடியே ஜாஸ்லின் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் பிடித்தது. பிடித்த வேகத்தில் குளிர்க்காய்ச்சல் கண்டதுபோல் உதறி, நின்றது.

கம்பெனியை ஓசூரிலிருந்து குருபரப்பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். கம்பெனி பஸ் கிடையாது. முதல் நாளான இன்று வராதவர்களுக்கு இடம் இல்லை என்று சொல்லியாகிவிட்டது. அப்பா கொடுத்த இந்தப் பழைய கார்தான் ஒரே வழி.

"பிளக்குல கரி," என்றான் பானெட்டுக்குள் தலைவிட்டிருந்த கணவன் வெஸ்லின். நாகர்கோவில்காரன், கல்யாணத்துக்குப் பிறகுதான் ஓசூர். துடைத்து மாட்டினான். உதறல் கூடியது.

"சோக்கை இழு."

இழுத்தாள். கரும்புகை கிளம்பியது. பெட்ரோல் நெடி தொண்டையை அடைத்தது.

"பாத்தியா? ஹைவேயில லாரிக்கு நடுவுல நின்னா என்ன செய்வ? வரலைன்னு போன் பண்ணிரு. நான் சம்பாதிக்கது போதாதா?"

பேசினால் அவளுக்கு அழுகை வந்துவிடும். விடிந்ததிலிருந்தே எதுவும் சரியில்லை. சமையலறையில் மூட்டையாய் இருந்த உருளைக்கிழங்குகூடத் தரையெங்கும் உருண்டு கிடந்தது.

போனை எடுத்து, தெருமுனை மெக்கானிக் குருமூர்த்தியை அழைத்தாள்.

"அவன் எதுக்கு?" வெஸ்லின் பதறினான். "நான் பாத்துக்கிட்டுதான இருக்கேன்."

"அதனாலதாங்க."

கர்நாடக எல்லையோரத் தளிக்காரரான குருமூர்த்தி வந்தார். பிளக்கில் ஒட்டியும் ஒட்டாமலும் இருந்த ஒரு ஒயரை அழுத்தினார். உதறல் பாதி குறைந்தது, புகை குறையவில்லை. ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்தார். உள்ளே கைவிட்டு இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். முழுசாக ஒரு உருளைக்கிழங்குச் சாக்கு வெளியே வந்தது.

"ஏன்ணா, திருட்டுப் பயமா இருக்கு, காரை யாரும் எடுக்க முடியாதபடி என்ன பண்ணலாம்னு நேத்து போன்ல கேட்டீங்க. பிளக் ஒயரைக் கழட்டுங்க, ஒந்து சாக்குன்னேன். கன்னடத்துல ஒண்ணு போதும்னு அர்த்தம். நீங்க சாக்கையே திணிச்சிட்டீங்களா?"

அந்தக் காருக்கு இரண்டு சாவி. ஒன்று வெஸ்லினிடம், மற்றது அவளிடம்.

ஜாஸ்லின் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் சீராக முனகியது. வெஸ்லின் ஓட்டுநர் பக்கக் கதவைப் பிடித்தான்.

"தள்ளி உக்காரு. நானே கொண்டு விடுகேன்."

அவள் கியரைப் போட்டாள்.

"சாக்கு," என்றாள் மெதுவாக.